பதினொரு வட்டங்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் நான். தெரிந்து சொல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஆனால் தெரியாமல் சொன்ன பொய்க்கும் கை கால் முளைத்து அது ஊருக்குள் நடமாடும் என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். அதன் புண்ணியத்தில் ஒரு மனிதர் இருபத்தாறு நாளாகச் சிறையில் இருக்கிறார்.

நான் ஒரு நாளிதழில் வாரம் ஒரு பத்தி எழுதிப் பிழைக்கிறவன். கதை எழுதிப் பழக்கமில்லை. தொடக்கமே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. எழுதி அடித்தவை இவை, சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

"காலை பதினொரு மணிக்குப் பாலத்தின் மேல் முதல் கொடி தெரிந்தபோது வானம்—" (வானத்தை யார் கேட்டார்கள்?)

"ஸ்பிரிங்கு என்று எல்லோரும் கூப்பிடும் அவர் மிகவும் நல்லவர்." (நல்லவர் என்று எழுதிய உடனே ஆள் செத்துப்போனது மாதிரி ஆகிவிடுகிறது. அவர் உயிரோடுதான் இருக்கிறார்.)

"ஷட்டர் என்பது—"

இதை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் இது ஷட்டரைப் பற்றிய கதைதான். கடை மூடினால் மேலிருந்து கடகடவென்று இறங்குமே, அந்த இரும்புத் திரை.

2

எங்கள் ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாக வகிர்ந்திருக்கிறது. குறுக்கே ஒரே ஒரு பாலம். அந்தப் பக்கம் மேல்கரை, இந்தப் பக்கம் கீழ்க்கரை. நான் கீழ்க்கரை. இரண்டு கரைக்கும் ஒரே குழாய்த் தண்ணீர்தான் வருகிறது, ஒரே மின்சாரம்தான் போகிறது. ஆனாலும் பெண் கொடுத்து, பெண் எடுத்து யாரும் பார்த்ததில்லை.

[எந்த நாடு, என்ன கொடி, யார் எந்தக் கூட்டம் என்று கேட்காதீர்கள். சொன்ன மாத்திரத்தில் நீங்கள் ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். நானும் அப்படிப் போய் உட்கார்ந்தவன்தான்.]

மேல்கரையில் வருஷத்துக்கு ஒருமுறை தேச ஊர்வலம் நடக்கும். வழக்கமாகப் பாலம் வரை வந்து திரும்பிவிடும். இந்த வருஷம் பாலத்தைத் தாண்டி எங்கள் கடைத்தெரு வழியாகப் போவோம் என்றார்கள். ஒரு மாதம் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. "தேசம் எல்லாருக்கும் பொதுன்னா தெரு மட்டும் உங்களுக்குத் தனியா?" என்று அவர்கள் கேட்டார்கள். "பொதுவான தெருவுல நடக்கத் தடி எதுக்கு?" என்று நாங்கள் கேட்டோம். கடைசியில் தடி கூடாது, கடைகளுக்கு முன்னால் நின்று கோஷம் போடக் கூடாது, அரை மணி நேரத்தில் கடந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டுப் போலீஸ் அனுமதி கொடுத்துவிட்டது.

கடைக்காரர்கள் பயந்தார்கள். காரணம் இருந்தது. போன வருஷம் பாலத்தில் நின்றே கல் வீசினார்கள். அவசரமாக மூடப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாக் கடைகளிலும் ஷட்டர் துருப்பிடித்து நடுவழியில் நின்றுகொண்டது. என் அக்கா வீட்டுக்காரர் செருப்புக்கடை வைத்திருக்கிறார். எண்பத்தைந்து கிலோ மனிதர். அத்தான் தொங்கியே பார்த்துவிட்டார், ஷட்டர் ஓர் அங்குலம் அசையவில்லை. கல் அவர் முழங்காலில் விழுந்தது. அதனால் இந்த வருஷம் எல்லோருக்கும் ஒரே கவலை. ஷட்டர் ஒரே இழுப்பில் இறங்க வேண்டும்.

எல்லோரும் ஸ்பிரிங்குக்கு ஆள் அனுப்பினார்கள்.

3

ஸ்பிரிங்கு மேல்கரைக்காரர். ஷட்டர் பழுது பார்க்கிறவர். ஒடிசலான ஆள், ஐம்பது வயதிலும் ஏணியில் துள்ளி ஏறுவார், அதனால் அந்தப் பெயர். இரண்டு கரையிலும் அவர் ஒருத்தர்தான் அந்த வேலைக்கு. ஊர்வலத்துக்கு முந்தைய வாரம் தினமும் பாலம் தாண்டி வந்து எங்கள் தெருவில் வேலை பார்த்தார். முப்பத்தொரு கடைகளில் பதினொன்றை முடிக்கத்தான் நேரம் இருந்தது. மற்றவர்களிடம் ஊர்வலம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்.

அவரை நான் முதலில் எழுதிய விதம் கீழே. வரைவை அப்படியே விடுகிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

"செருப்புக்கடைக்காரர் தேநீர் சொல்ல உள்ளே போனார். ஸ்பிரிங்கு தெருவை இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ஷட்டரின் கீழ் மூலையில் சட்டென்று ஒரு வட்டம். வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. அவருடைய உதட்டில் ஒரு—"

உதட்டில் என்ன? புன்னகையா? அவர் முகத்தை நான் அன்று பார்க்கவே இல்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார் என்பதும் என் கைச்சரக்கு.

4

ஊர்வலத்தன்று நான் அக்கா வீட்டு மாடியில் இருந்தேன். கீழே கடை, மேலே வீடு. கடையைக் காலையிலேயே பூட்டிவிட்டு நாங்கள் மூன்று பேரும் ஜன்னல் ஓரம் நின்றோம். பதினொரு மணிக்குப் பாலத்தில் கொடிகள் தெரிந்தன. முதல் பத்து நிமிடம் வெறும் பாட்டும் நடையுமாகத்தான் போனது. "அவ்வளவுதான், போயிருவாங்க" என்றார் அத்தான்.

பிறகு பாலத்தின் மேல் நின்ற சிலர் கையைக் காட்டினார்கள். வரிசை கலைந்தது. அத்தனை பேரும் தெருவின் இரண்டு ஓரங்களுக்கும் பிரிந்தார்கள். கையில் கடப்பாரை இருந்தது. தடி கூடாது என்று நிபந்தனை போட்டவர்களுக்குக் கடப்பாரை ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

எங்கள் காலுக்குக் கீழேயே கடை திறந்தது எங்களுக்குத் தெரியவில்லை. பூட்டு உடைந்தது கோஷத்தில் அமுங்கிவிட்டது. ஷட்டரோ சத்தமே போடாமல் மேலே போய்விட்டது. தெருவில் செருப்புப் பெட்டிகள் பறப்பதைப் பார்த்து, "யார் கடைடா அது, பாவம்" என்றாள் அக்கா. ஒரு பெட்டி திரும்பி விழுந்தது. அதன் மேல் அத்தான் கடைப் பேர் தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்துவிட்டது. அத்தான் தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார்.

ஒரு மணிக்கு நான் இறங்கிப் போனேன். கண்ணாடித் தூள், மருந்து பாட்டில்கள், பிரிந்து கிடந்த துணிக்கட்டுகள். பதினொரு கடை சூறையாடப்பட்டிருந்தது. பதினொரு ஷட்டரிலும் மூலையில் சாக்பீஸ் வட்டம். சிலவற்றில் வட்டத்துக்குள் புள்ளி. மீதி இருபது கடையில் வட்டமும் இல்லை, சேதமும் இல்லை.

அன்று மாலையே எழுதினேன்: இது திடீர்க் கலவரமில்லை, முன்கூட்டியே குறி போட்டு நடத்திய தாக்குதல். வட்டம் என்றால் உடைக்க வேண்டிய கடை. புள்ளி என்றால் முதலில் உடைக்க வேண்டிய கடை. என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் வாசித்தது அதுதான். ஊரே மூச்சு விடாமல் வாசித்தது. நான்கு நாளில் பாலத்தில் நின்று கைகாட்டிய எட்டுப் பேர் சதிக் குற்றச்சாட்டில் உள்ளே போனார்கள். ஒன்பதாவதாக ஸ்பிரிங்கு. அவர் சட்டைப்பையில் சாக்பீஸ் இருந்தது என்பதும் செய்தியாக வந்தது. அதையும் எழுதியவன் நான்தான்.

[அந்த இருபது கடைகளிலும் பூட்டு உடைந்துதான் கிடந்தது. அதை என் கட்டுரையில் எழுதவில்லை. மறைக்கவில்லை, சத்தியமாக. கண்ணில் படவில்லை. மனதில் கதை முடிவாகிவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது.]

5

மூன்று வாரம் கழித்து ஒரு பெண்மணி எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். வரவேற்பில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வட்டத்தைப் பத்தி எழுதினது நீங்கதானா சார்?"

"ஆமா. நீங்க?"

"நான் ஸ்பிரிங்கோட சம்சாரம். கொஞ்சம் கீழ வர்றீங்களா?"

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் காகிதக் கிடங்கு இருக்கிறது. அதற்கும் ஷட்டர்தான். ஆறு வருஷமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் படியேறுகிறேன். அவர் குனிந்து மூலையில் விரலை வைத்தார். மங்கலாக ஒரு வட்டம். நடுவில் புள்ளி.

"போன வருஷம் போட்டது. அப்ப உங்க ஆபீஸையும் உடைக்கச் சொல்லி அடையாளம் வெச்சிருக்காரா? சொல்லுங்க சார். முதல்லயே உடைக்கணும்னு புள்ளி வேற இருக்கே."

நான் குனிந்து வட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"கிரீஸ் போட்டா வட்டம். ஸ்பிரிங்கும் மாத்தினா உள்ள ஒரு புள்ளி. அடுத்த தடவை வரும்போது எதைப் பாக்கணும், எதைப் பாக்க வேண்டாம்னு அவருக்குத் தெரியணும்ல. எழுதி வெச்சுக்கிற பழக்கமெல்லாம் கிடையாது அந்த மனுஷனுக்கு. வாங்க, மேல்கரையில நூறு கடை காட்டறேன், நூத்துலயும் வட்டம் இருக்கு."

"அப்படின்னா இந்தப் பதினொரு கடை மட்டும் ஏன்—"

கேட்டு முடிப்பதற்குள் அவர் கிடங்கு ஷட்டரின் கைப்பிடியில் ஒற்றை விரலை மாட்டி மேலே தூக்கினார். அது ஒரு முனகல்கூட இல்லாமல் முழுதாகத் திறந்து நின்றது.

"லேசா இறங்கற ஷட்டரு லேசா ஏறவும் ஏறும் சார். துருப்பிடிச்சதைத் தட்டித் தட்டித்தான் தூக்கணும், பூட்டை உடைச்சாலும் சட்டுனு வராது. அவனுங்க எல்லாக் கடையிலயும்தான் கை வெச்சானுங்க. வந்தது திறந்துச்சு, வராதது தப்பிச்சுச்சு. அவரு வேலையை ஒழுங்கா செஞ்சாரு. அதுதான் அவரு பண்ணின தப்பு."

திறந்த ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காகித மூட்டை ஏற்ற வந்த ஆள், "சார், வழி விடுங்க" என்றார்.

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொல்லாம? சிரிச்சாங்க. அப்புறம் அந்தப் பதினோரு முதலாளிங்களையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. வட்டம் எதுக்குன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. எங்க தெருவுலயும் எங்களை விடலை சார். எதிரிக்குக் கிரீஸ் போட்டவன்னு கத்தி, ஜன்னலை உடைச்சுட்டுப் போயிட்டாங்க. எந்தக் கரையிலதான் நான் நிக்கறது?"

6

நேரே அத்தான் கடைக்குப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். செருப்புக்கடையில் பார்வைக்கு ஒற்றைக் கால்தான் வைப்பார்கள். கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் வீட்டில் ஒரு கால், அத்தானிடம் ஒரு கால். முந்நூறு ஒற்றைச் செருப்பு அவரைச் சுற்றிக் கிடந்தது.

"அத்தான், அந்த வட்டம் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எந்த வட்டம்?"

"அத்தான்!"

கையில் இருந்த செருப்பைக் கீழே வைத்தார். "தெரியும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை என்பார், அந்தப் பெண்மணி பொய் சொல்கிறார் என்பார், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்றுதான் வந்திருந்தேன்.

"அப்ப ஏன் தெரியாதுன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் குடுத்தோம். கூடிப் பேசியெல்லாம் இல்லை மச்சான். உன் கட்டுரையை வாசிச்சோம். நல்லா எழுதியிருந்தே. எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தானோன்னு தோணிருச்சு."

"ஸ்பிரிங்கு உள்ள இருக்காரு."

"தெரியும்டா. தங்கமான மனுஷன்." அவர் குரல் உயர்ந்தது. "ஆனா எட்டுப் பேரு உள்ள இருக்கான் பாரு, பாலத்துல நின்னு கையைக் காட்டினவன்! நாம மூணு பேரும் பாத்தோமா இல்லையா? நம்ம வார்த்தையை யாரு எடுத்துக்கிட்டா? போன வருஷம் என் முழங்காலை உடைச்சதுக்குக் குடுத்த புகாரு எங்க? இந்த வட்டம் வந்துச்சு, அவன் உள்ள போனான். வட்டம் பொய்யின்னு ஆச்சுன்னா நாளைக்கே வெளிய வருவான். அடுத்த வருஷம் மறுபடி இதே தெருவுல வருவான். அப்ப மாடியில உன் அக்கா நிப்பா. இப்ப நீயே சொல்லு, நான் என்ன சொல்லணும்?"

ஒரு செருப்பை எடுத்து அதற்கு ஜோடி தேட ஆரம்பித்தேன்.

7

மூன்றாம் பகுதியில் அறுந்து நின்ற காட்சியை இப்போது திரும்ப எழுதுகிறேன். அத்தான் சொன்னதை வைத்து எழுதுவதால் இதில் கைச்சரக்கு குறைவு.

ஸ்பிரிங்கு ஏணியிலிருந்து இறங்கினார். முதல் நாள் பிடித்து முறுக்கிய ஸ்பிரிங்கால் வலது தோள் விண்விண் என்று வலித்தது. ஷட்டர் ஓடும் இரும்புச் சேனலில் வழிந்த கிரீஸைத் துணியால் துடைத்தார். இந்தத் தெருவில் இன்னும் இருபதுக்கு மேல் கடை பாக்கி, நாளை மறுநாள் ஊர்வலம். முடியாது என்று சொல்வது அவருக்குப் பிடிக்காத காரியம். அதுவும் போன வருஷம் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்த முதலாளிகளிடம்.

"சத்தம் வரக் கூடாது ஸ்பிரிங்கு. நான் இழுக்கிறது பாலத்துல நிக்கிறவனுக்குக் கேக்கக் கூடாது" என்றார் அத்தான்.

"ஒத்தை விரலால இழுங்க முதலாளி. உங்க கனத்தை எல்லாம் அது மேல காட்டாதீங்க, பாவம்."

அத்தான் இழுத்தார். ஷட்டர் நழுவி இறங்கித் தரையைத் தொட்டது. மறுபடி தூக்கினார், இறக்கினார், தூக்கினார். புதுப் பொம்மை கிடைத்தவர் மாதிரி சிரித்தார். ஸ்பிரிங்குக்குத் தோள்வலி பாதி குறைந்துபோனது. சாக்பீஸை எடுத்து அத்தான் கண் முன்னாலேயே வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்தார்.

"இதை மட்டும் துடைச்சிறாதீங்க முதலாளி. அடுத்த வருஷம் நான் வந்து பாக்கணும்."

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாலயும் இதையேதான் சொன்னே, நான் எங்க துடைச்சேன்? உன்னைத் திரும்பக் கூப்பிடாததுதான் என் தப்பு." என்றார் அத்தான். மாடியிலிருந்து அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். ஸ்பிரிங்கு நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த கடைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவ்வளவுதான் நடந்தது.

8

முடிவுக்கு வருகிறேன். கலவரத்தை விசாரிக்க அரசு போட்டிருக்கும் கமிஷன் முன்னால் நான் முக்கியச் சாட்சி, அது சொல்வதை வைத்துத்தான் ஒன்பது பேர் வழக்கும் நிற்கும். வட்டத்தைக் கண்டுபிடித்தவன் அல்லவா! என் முறை தள்ளித் தள்ளிப் போகிறது, எந்த வாரமும் கூப்பிடலாம்.

முடிவு ஒன்று: நான் கூண்டில் ஏறி உண்மையைச் சொல்கிறேன். ஸ்பிரிங்கு வெளியே வருகிறார், மனைவி வாசலில் காத்திருக்கிறார், இருவரும் பாலத்தில் நடந்து— (அதே பாலத்தில் எட்டுப் பேருக்கும் மாலை போட்டு வரவேற்பு நடக்கிறது. அதை எழுதாமல் இந்த முடிவை எழுத முடியாது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: நான் பழைய கட்டுரையையே ஒப்பிக்கிறேன். எட்டுப் பேருக்கும் தண்டனை. தெருவில் நிம்மதி. ஒன்பதாவது ஆளுக்கு— (பேனா நகரவில்லை.)

முடிவு மூன்று: எட்டுப் பேரில் ஒருவன் மனம் திருந்தி— (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

9

நேற்று மதியம் அக்கா வந்தாள். அத்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"சாட்சி சொல்லும்போது மாத்திச் சொல்லப் போறியா?"

"தெரியலைக்கா."

"அவரு என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சவருடா. எனக்கு மட்டும் வலிக்காதா?" அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில், "ஒண்ணு பண்ணு தம்பி. கதையா எழுதிரு. பேரு, ஊரு எதுவும் போடாதே. உன் மனசும் ஆறும். கதைன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, நம்பவும் மாட்டாங்க" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இறங்கி லேசானது. எப்படிப்பட்ட நிம்மதி தெரியுமா! அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் நான் இந்த ஒரு மாதத்திலேயே அதிகமாக அதிர்ந்துபோனேன். அவள் போனதும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இதுவரை நீங்கள் வாசித்தது அதைத்தான்.

ஆனால் எழுதி முடிக்கும்போது ஒரு கணக்கு உதைக்கிறது. கீழ்க்கரையில் வட்டம் எதற்கு என்று தெரிந்தும் வெளியில் இருப்பவர்கள் பதினொரு கடைக்காரர்கள், அக்கா, நான். பதின்மூன்று பேர். தெரியாது என்று கையெழுத்துப் போட்டவர்கள், போடப் போகிறவர்கள். ஸ்பிரிங்கும் அவர் மனைவியும், ஏன் மேல்கரையில் யார் சொன்னாலும், தங்கள் ஆளைக் காப்பாற்றச் சொல்கிறார்கள் என்று யாரும் காதில் வாங்கப் போவதில்லை.

பதினான்காவது ஆள் நீங்கள். உங்களுக்கு அத்தான் கிடையாது, அந்தத் தெருவில் கடை கிடையாது, எந்தக் கரையும் கிடையாது. கமிஷன் அலுவலகம் வேலை நாட்களில் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. விவரம் தெரிந்த யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.